சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது



நாஞ்சில் நாட்டில் என் வயதுக்காரர்கள் ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்ல. திருநெல்வேலிக்கு 1876-லேயே மீட்டர் கேஜ் பாதை வந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்குக் கொல்லம் வழியாக 1918-ல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த எங்களுக்கு மட்டும் 1979 ஏப்ரல் வரை தண்டவாளம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்து, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, திருநெல்வேலி ஜங்ஷன் போக வேண்டும்.

என் பாட்டா நாகர்கோவில் வடசேரியில் மாட்டுவண்டி செய்கிற ஆசாரி. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு கல்யாணத்துக்காக என்னையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார். பிளாட்பாரத்தில் நீராவி இன்ஜின் ஒன்று நின்றது. நான் புகையைப் பார்த்தேன், விசிலுக்குக் காதைப் பொத்தினேன். பாட்டா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாட்பார ஓரத்தில் குத்தவைத்து, சக்கரங்களின் இடைவெளி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மக்ளே, சக்கரத்துக்குப் பொறத்த ஒண்ணு கெடக்கு பாத்தியா? அதுல்லா வண்டி. மத்ததெல்லாம் அதுக்க மேல ஏத்தி வச்ச சாமான்."

அவர் காட்டியது இன்ஜினின் அடிச்சட்டம். தொழிற்சாலைக்காரர்கள் ஃப்ரேம் என்பார்கள். பின்னாளில் இயந்திரவியல் படித்து, அதையே முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகும், அந்தச் சட்டத்தைப் பற்றி அதைவிடச் சரியான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அன்று நின்ற இன்ஜின் 'ஒய்.பி.' வகை. மீட்டர் கேஜ் பாதைகளில் பயணிகள் வண்டி இழுத்தது பெரும்பாலும் அதுதான். 1949-ல் முதல் இருபது இன்ஜின்கள் அமெரிக்காவின் பால்ட்வின் ஆலையிலிருந்து வந்தன. பிறகு ஜெர்மனி, ஸ்காட்லாந்து, கடைசியில் நம் ஜம்ஷெட்பூர் டெல்கோ என்று மொத்தம் 871 இன்ஜின்கள் செய்தார்கள். அதன் சிலிண்டர் பதினைந்தேகால் அங்குல விட்டம். நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள்: பிஸ்டன் மேல் விழுகிற தள்ளு ஏறக்குறைய 17 டன். பாரம் ஏற்றிய லாரி ஒன்றின் எடை.

இந்த 17 டன் பிஸ்டனை மட்டும் தள்ளுவதில்லை. நீராவிக்கு முன், பின் என்ற பாகுபாடு கிடையாது. பிஸ்டனைப் பின்னால் தள்ளும் அதே பலத்தோடு சிலிண்டரின் முன்மூடியை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் தன் பலத்தை நீண்ட தண்டின் வழியாகச் சக்கரத்துக்கும், சக்கரம் அச்சுக்கும், அச்சு தன் பெட்டிக்கும் கொடுக்கிறது. சிலிண்டர் ஒரு பக்கம் ஓடப் பார்க்கிறது, அச்சுப்பெட்டி எதிர்ப்பக்கம் ஓடப் பார்க்கிறது. இரண்டையும் பிரியவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சட்டம் ஒன்றுதான். அரைச் சுற்று முடிந்ததும் எல்லாம் தலைகீழ்: இழுபட்ட இரும்பு நசுக்கப்படும். மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒய்.பி.யின் பெரிய சக்கரம் நொடிக்கு நாலரைச் சுற்றுச் சுற்றும். அப்படியானால் நொடிக்கு ஒன்பது முறை இழுப்பும் நசுக்கும் மாறி மாறி வருகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் மாறினாலாவது பரவாயில்லை. இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் புறப்பட வேண்டுமே, அதற்காக ஒரு பக்கத்தில் தண்டு சக்கரத்தோடு சேரும் கிராங்கை மற்றதற்குக் கால் சுற்று தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் சட்டம் நீளவாக்கில் இழுபடுவதோடு, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கவும் படுகிறது.

இதற்கு மேல் பாய்லரின் எடை. பாய்லரைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டிவிடவும் முடியாது. ஆறு மீட்டர் நீளமுள்ள பாய்லர் பச்சைத்தண்ணீர்ச் சூட்டிலிருந்து இருநூறு டிகிரிக்கு ஏறும்போது அரை அங்குலத்துக்குப் பக்கம் நீளும். எனவே முன்னால், புகைப்பெட்டியின் அடியில் சிலிண்டர்களோடு மட்டும் போல்ட் போட்டு இறுக்குவார்கள். பின்னால் அடுப்புப் பக்கம் அது சட்டத்தின் மேல் வழுக்கி நகரும்படி விட்டிருப்பார்கள். சூடேற ஏறப் பாய்லர் சட்டத்தின் மேல் ஊர்ந்து பின்னால் போகிறது, ஆறியதும் திரும்பி வருகிறது. எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிற விஷயம் இது.

சரி, இத்தனையும் தாங்கும் சட்டத்தை எப்படிச் செய்வது? இங்கேதான் கதை ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஆரம்பத்தில் மரமும் இருந்தது. 1830-ல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய 'பிளானட்' இன்ஜினுக்கு மரப்பலகையின் இரு முகத்திலும் இரும்புத் தகடு அறைந்த சட்டம். மரம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், இரும்பு முறியாமல் பார்த்துக்கொள்ளும். எங்கள் பாட்டா இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பிறகு இங்கிலாந்தில் பெரிய உருட்டாலைகள் வந்தன. ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குலக் கனத்தில், இன்ஜின் நீளத்துக்கே ஒரே தகடாக உருட்டி எடுக்க முடிந்தது. அந்தத் தகட்டைக் குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, நடுவே குறுக்குச் சட்டங்கள் கொடுத்தார்கள். இது தகட்டுச் சட்டம்.

அமெரிக்காவில் அன்று அவ்வளவு பெரிய உருட்டாலை இல்லை. நல்ல கொல்லர்கள் இருந்தார்கள். லிவர்பூல்காரர் எட்வர்ட் பரி என்பவர் கனத்த இரும்புத் தண்டுகளை ஒட்டி அடித்த சட்டங்களோடு இன்ஜின் கட்டி அங்கே அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த கொல்லர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. நான்கு, ஐந்து அங்குலக் கனமுள்ள தண்டுகளை உலையில் காய்ச்சி அடித்து ஏணிபோல் பொருத்தினார்கள். அது தண்டுச் சட்டம். இங்கிலாந்து கைவிட்ட முறையை அமெரிக்கா வளர்த்தெடுத்தது. பிற்காலத்தில் இரண்டு பக்கச் சட்டங்களையும், குறுக்குச் சட்டங்களையும், சிலிண்டர்களையும் சேர்த்து ஒரே வார்ப்பாக எஃகில் ஊற்றுகிற அளவுக்கும் அவர்கள் போனார்கள்.

தகட்டின் குணத்தை நம் வீட்டுக்கூரையிலேயே பார்க்கலாம். பனஞ்சட்டத்தை யாராவது படுக்கையாகப் போடுவார்களா? குத்தாகத்தான் வைப்பார்கள். குத்தாக வைத்தால் மேலிருந்து வரும் பாரத்துக்கு அசையாது. ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் ஆடும். தகட்டுச் சட்டமும் அப்படியே. மேல்கீழாக மலைபோல் நிற்கும், பக்கவாட்டில் நோஞ்சான். வளைவில் திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டில்தான் உதைக்கிறது.

அதோடு இன்னொரு சங்கடம். அச்சுப்பெட்டி மேலும் கீழும் நகர வேண்டுமே. அதற்காகச் சட்டத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சதுரமாக வெட்டியெடுத்து இடம் விடுவார்கள். எந்த இடத்தில் பாரம் அதிகமோ, சரியாக அந்த இடத்தில் சட்டம் பாதியாகக் குறைந்துபோகிறது. அந்த வெட்டின் மேல்மூலையில்தான் விரிசல் பிறக்கும். மூலையைக் கூர்மையாக விட்டால் சீக்கிரம் பிறக்கும். வளைத்து உருட்டி வெட்டினால் ஆயுள் கூடும். வெட்டின் அடியைக் குறுக்குக் கட்டை கொடுத்து இறுக்கிப் பூட்டினால் இன்னும் கூடும். ஒரு மூலையின் வளைவில் ஓர் இன்ஜினின் ஆயுள் இருக்கிறது.

இந்தியாவுக்கு இது ஏட்டுப்படிப்பு அல்ல. 1920-களில் மட்டமான நிலக்கரியை எரிப்பதற்கென்று அகன்ற அடுப்போடு எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., எக்ஸ்.சி. என்று மூன்று வகை இன்ஜின்களை வடிவமைத்து பிரிட்டனிலிருந்து தருவித்தார்கள். தகட்டுச் சட்டம். முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் அடுப்பின் கீழ் இரண்டு. ஓட ஆரம்பித்ததும் சட்டங்களில் விரிசல் கண்டது. அதைவிடப் பயங்கரம், வேகம் கூடினால் இன்ஜின் இடமும் வலமுமாக முகத்தை ஆட்டிக்கொண்டு ஓடியது. அந்த ஆட்டம் தண்டவாளத்தையே வளைத்துவிடும். 1937 ஜூலை 17-ஆம் தேதி, பாட்னாவுக்குப் பக்கத்தில் பிஹ்டா என்ற ஊரில் எக்ஸ்.பி. இன்ஜின் இழுத்த எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

காரணம் தேட பிரிட்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் நிபுணர் குழு வந்தது. கர்னல் மவுண்ட் தலைவர். லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் தலைமை இயந்திரவியல் பொறியாளர் ஸ்டேனியரும் அதில் இருந்தார். அவர்கள் விரிசல் கண்ட சட்டத்தின் மேல் பழி போடவில்லை. முன்சக்கர வண்டியையும் பின்சக்கர வண்டியையும் சட்டத்தோடு சேர்க்கிற இடத்தில், பக்கவாட்டு ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும் விசை போதவில்லை. பாதையும் அந்த உதையைத் தாங்கும் நிலையில் இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் வினை. காகிதத்தில் அழகாக இருந்த வடிவமைப்பு நம் பாதையைக் கேட்டுக்கொண்டு பிறந்ததல்ல என்பதுதான் என் முடிவு. அதற்கு நூறு குடும்பங்கள் விலை கொடுத்தன. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

அடுத்து உலகப்போர். போர்த் தேவைக்காக அமெரிக்காவில் கட்டிய தண்டுச் சட்ட இன்ஜின்கள் இந்தியாவுக்கு நிறைய வந்தன. கரடான பாதையிலும் தடுமாறாமல் ஓடின. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கர்கள் பக்கத்துச் சக்கரங்களின் வில்களை நெம்புகோல்களால் பிணைத்து, இன்ஜினின் மொத்த எடையும் மூன்று புள்ளிகளில் நிற்கும்படி செய்திருந்தார்கள். நான்கு கால் ஸ்டூல் மேடுபள்ளமான தரையில் ஆடும், முக்காலி ஆடாது. விஷயம் அவ்வளவுதான். சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் நமக்கென்று வகுத்த டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி., ஒய்.பி., ஒய்.ஜி. நான்கும் தண்டுச் சட்டத்தில் வந்தன. பாட்டா எட்டிப் பார்த்தபோது சக்கரத்துக்குப் பின்னால் அவர் கண்டது அந்தக் கனத்த எஃகுத் தண்டுகளை. மீட்டர் கேஜில் இரண்டு சக்கரங்களின் உட்புறத்துக்கும் இடையே இருப்பதே 930 மில்லிமீட்டர். அந்த நெருக்கடிக்குள் இரண்டு பக்கமும் சட்டம், அச்சு, வில், பிரேக் எல்லாம் அடங்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். சட்டம் செய்தாகிவிட்டது, சிலிண்டரும் பூட்டியாகிவிட்டது. எல்லாம் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நூல் பிடிப்பார்கள். உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே. சிலிண்டரின் நட்டநடு வழியாக மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை நுழைத்து, இன்ஜின் நீளத்துக்கும் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். அந்தக் கம்பிக்கு ஒவ்வோர் அச்சும் சரியான மூலைமட்டத்தில் இருக்கிறதா, அச்சுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளப்பார்கள். மயிரிழை தவறினாலும் இணைப்புத் தண்டு தட்டும், அச்சுப்பெட்டி கொதிக்கும், சட்டம் விரிசல் விடும். பிற்காலத்தில் ஜெர்மானியர்கள் கண்ணாடி வில்லைகள் கொண்ட கருவி செய்தார்கள். அதுவும் கம்பிக்குப் பதில் ஒளியைப் பிடிப்பதுதான். வடசேரிப் பட்டறையில் பாட்டா அச்சுக்கட்டையில் நூலைப் பிடித்து, சுண்டி, சுண்ணாம்புக் கோடு விழவைப்பதை நான் தினமும் பார்த்தவன். பல வருடம் கழித்து இந்த முறையை முதன்முதலாகப் புத்தகத்தில் படித்தபோது, எனக்குத் தெரிந்த ஒருவரை வெளியூரில் சந்தித்தது போலிருந்தது.

இதெல்லாம் முடிந்துபோன கைத்தொழில் என்று நினைக்க வேண்டாம். சித்தரஞ்சன் ஆலை 1972-ல் நீராவி இன்ஜின் செய்வதை நிறுத்தியது உண்மை. ஆனால் திருச்சி பொன்மலைப் பட்டறையில் 2011-ல் நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் எரியும் புது இன்ஜின் செய்தார்கள். 2021-ல் நிலக்கரியில் எரிகிற இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் 1914 முதல் கட்டி அனுப்பிய வடிவத்தின் வழியிலேயே. ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற மலைப்பாதை அது. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்று. ஒரு ஜோடி தண்டவாளச் சக்கரத்தைச் சுற்றுகிறது, மற்ற ஜோடி நடுவிலுள்ள பற்பாதையைக் கடிக்கிற பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. அத்தனையும் சட்டத்தின் தலையில். மீட்டர் கேஜ் அகலத்துக்குள் அதை மறுபடியும் செய்து காட்டிய பொன்மலைத் தொழிலாளர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பாட்டா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு பக்கத்துச் சட்டத்தையும் எடையில என்னத்த வச்சு மக்ளே சேத்திருப்பான்? அது இல்லாட்டா ரெண்டும் தனித்தனியா போயிருமே." அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு ஊருக்கு வந்த வருடம் நாகர்கோவிலுக்கும் ரயில் வந்திருந்தது. முன்னால் சிலிண்டர் பீடம், நடுவில் குறுக்கு வார்ப்புகள், பின்னால் இழுவைப்பெட்டி என்று திண்ணையில் சிலேட்டில் வரைந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். நின்றது டீசல் இன்ஜின். கூட்டம் பெட்டிகளையும் ஜன்னல்களையும் பார்த்துக்கொண்டிருந்தது. எண்பதைத் தொட்ட பாட்டா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார்.

"இது வேற மாதிரி மக்ளே. சக்கரம் தனி வண்டியில நிக்கு" என்றார்.