டெலிவிஷன் கோர்ட்டும் பார்ப்பவர்களின் அபிப்பிராயமும்



அமெரிக்க தேசத்து டெலிவிஷனில் காட்டப்பட்டுவரும் கோர்ட்டு நிகழ்ச்சிகளைப் பற்றியும், அவை நிஜமா வேஷமா என்பதில் பார்க்கிறவர்கள் சொல்லும் அபிப்பிராயங்களைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்லலாமென்று நினைக்கிறேன். "வாய்தாவுக்கும் வக்கீல் பீசுக்கும் அலைந்து சாகும் நமக்கு அமெரிக்கக்காரன் டெலிவிஷனைப் பற்றி என்ன கவலை?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான். கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து ஒருவர் அதட்டிப் பேசிவிட்டால், அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் நியாயமே என்று நம்பிவிடுகிற குணம் ஏதோ ஒரு தேசத்து ஜனங்களுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. ஆதலால் அங்கே நடந்திருப்பதைத் தெரிந்துகொள்வது நமக்கும் பிரயோஜனப்படும்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். அமெரிக்காவில் சிறு தொகை வழக்குகளை விசாரிப்பதற்கென்று கோர்ட்டுகள் இருக்கின்றன. வாடகை முன்பணம் திரும்பி வரவில்லை, கைமாற்று வாங்கியவன் இல்லையென்கிறான், பக்கத்து வீட்டு நாய் கடித்துவிட்டது என்பன போன்ற வழக்குகள் அங்கே போகும். பெரும்பாலும் வக்கீல் இல்லாமலே கட்சிக்காரர்கள் நேரில் பேசிக்கொள்வார்கள். இந்தச் சில்லறை வழக்குகளை எடுத்து வேடிக்கையாக்கலாம் என்று டெலிவிஷன் வியாபாரிகள் கண்டுபிடித்தார்கள். 1981-ல் "பீப்பிள்ஸ் கோர்ட்" என்னும் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. லாஸ் ஏஞ்சல்சில் உண்மையாகவே நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற ஜோசப் வாப்னர் என்பவர் அதில் ஆசனத்தில் உட்கார்ந்தார். 1996-ல் "ஜட்ஜ் ஜூடி" என்னும் நிகழ்ச்சி வந்தது. நியூயார்க்கு குடும்பக் கோர்ட்டில் நீதிபதியாயிருந்த ஜூடித் ஷைண்ட்லின் என்னும் அம்மையார் அதை 2021 வரையில் 25 வருஷகாலம் நடத்தினார்.

இவைகளைப் பார்க்கிற ஜனங்கள் மூன்று கட்சியாய்ப் பிரிந்து நிற்கிறார்கள். முதல் கட்சியார், "இது சாட்சாத் கோர்ட்டே, நீதிபதி நிஜம், வழக்கு நிஜம், தீர்ப்பும் நிஜம்" என்பார்கள். இரண்டாவது கட்சியார், "எல்லாம் சுத்தப் புரட்டு, வாதியும் நடிகன், பிரதிவாதியும் நடிகன்" என்பார்கள். மூன்றாவது கட்சியார், "நிஜமாயிருந்தாலென்ன, பொய்யாயிருந்தாலென்ன? பொழுது போகிறது, போதாதா?" என்பார்கள். மூவர் சொல்வதையும் ஒவ்வொன்றாய்ப் பரிசீலனை செய்து பார்ப்போம்.

முதல் கட்சியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜட்ஜ் ஜூடி நிகழ்ச்சியில் வந்து சண்டை போட்டவர்கள் சாதாரணமாய் நடிகர்களல்ல. ஊர் ஊராய்ச் சிறு கோர்ட்டுகளில் தாக்கலாகும் வழக்குகளை நிகழ்ச்சிக்காரர்களின் ஆட்கள் தேடிப் பார்த்து, ருசியான வழக்காயிருந்தால் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுதி அழைப்பார்கள். வழிச்செலவும் தங்கும் செலவும் கொடுத்து, வந்ததற்கென்று ஒரு தொகையும் கொடுப்பார்கள். ஆசனத்தருகில் காவலாய் நின்ற பேர்ட் என்பவர்கூட முன்பு நியூயார்க்கில் உண்மையான கோர்ட்டு உத்தியோகஸ்தராயிருந்தவர்தான். இதுவரையில் நிஜம்.

ஆனால் அந்த இடம் கோர்ட்டா என்றால், அல்லவே அல்ல. அது மத்தியஸ்தம். நம் கிராமங்களில் இரண்டு பேர் ஒரு பெரியவரிடம் போய், "நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்" என்று ஒப்புக்கொள்வதில்லையா? அதேபோல் இருதரப்பாரும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். கோர்ட்டில் போட்ட வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளுகிறார்கள். ஆசனத்திலிருப்பவருக்கு அந்த ஒப்பந்தம் கொடுத்த அதிகாரத்தைத் தவிர யாதொரு சர்க்கார் அதிகாரமும் கிடையாது. இதை நான் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்கக் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 1999-ல் ஒரு சாமான் தகராறுக்காக ஒரு ஆணும் பெண்ணும் ஜட்ஜ் ஜூடி நிகழ்ச்சிக்கு வந்தார்கள். அம்மையார் சாமானைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதோடு நில்லாமல், குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்பதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். விஷயம் நியூயார்க்கு குடும்பக் கோர்ட்டுக்குப் போனபோது, "ஒப்பந்தத்தில் இல்லாததைத் தீர்ப்பதற்கு அந்த அம்மாளுக்கு அதிகாரமில்லை" என்று குழந்தையைப் பற்றிய பாகம் செல்லாததாக்கப்பட்டது. கூத்தில் ராஜா வேஷம் போட்டவனிடம் போய் நிலவரியைத் தள்ளிக் கொடுக்கும்படி யாராவது மனுப் போடுவார்களா? வேஷம் போட்டவர் ஒரு காலத்தில் உண்மையாகவே ராஜாவாயிருந்திருந்தாலுங்கூட, இப்பொழுது நடப்பது கூத்துத்தானே?

அதுமாத்திரமல்ல. தீர்ப்புப்படி பணம் கொடுப்பவர் யார் தெரியுமா? தோற்றவர் அல்ல, நிகழ்ச்சிக்காரர்களே! ஜட்ஜ் ஜூடி நிகழ்ச்சியில் அதிகபட்சம் 5,000 டாலர் வரையில் தீர்ப்பாகும் தொகையை அவர்களே கொடுத்துவிடுவார்கள். தோற்றவர் தன் கையிலிருந்து ஒரு காசும் போகாமல், இலவசப் பிரயாணமும் செய்து, கைச்செலவுக்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். உண்மைக் கோர்ட்டில் ஏழைக்குள்ள பெரிய கஷ்டம் எது? தீர்ப்பு வாங்குவதல்ல, வாங்கிய தீர்ப்புக்குப் பணம் வசூலிப்பது. அந்தக் கஷ்டம் முழுவதையும் டெலிவிஷன் மறைத்துவிடுகிறது. அங்கே எதிரில் உட்கார்ந்து தலையாட்டும் பார்வையாளர்கூடக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். நிகழ்ச்சியின் நடுவே நியூயார்க்கு நகரத்தைக் காட்டுவார்கள். படம் பிடித்ததோ லாஸ் ஏஞ்சல்சில்!

இனி இரண்டாவது கட்சியாரைப் பார்ப்போம். "எல்லாம் நடிப்பு" என்று இவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1950-களில் "டைவர்ஸ் கோர்ட்" என்று விவாகரத்து வழக்குகளைக் காட்டிய நிகழ்ச்சியில் நடிகர்களே புருஷன் பெண்சாதியாய் நடித்தார்கள். 2010-ல் தொடங்கிய "அமெரிக்காஸ் கோர்ட்" போன்ற சில நிகழ்ச்சிகளில் வருவதும் நடிப்பே. அதைக் கடைசியில் ஓடும் சிறு எழுத்துக்களில் போட்டுவிடுவார்கள். சிறு எழுத்தை யார் படிக்கிறார்கள்? ஜட்ஜ் ஜூடியையே ஏமாற்றியவர்களும் உண்டு. டெலிவிஷன் பெட்டி மேலே விழுந்து பூனை செத்துப்போனதாக நியூயார்க்குச் சிநேகிதர்கள் சிலர் ஒரு பொய் வழக்கைக் கற்பித்துக்கொண்டு போய், தீர்ப்பும் பணமும் வாங்கி வந்தார்கள். 2013-ல்தான் அவர்களே அதை வெளியிட்டார்கள்.

ஆனாலும் "எல்லாம் நடிப்பு" என்று ஒரேயடியாய்ச் சொல்லிவிடுவது சோம்பேறித்தனமே ஒழிய பகுத்தறிவாகாது. எல்லாவற்றையும் நம்புகிறவனுக்கும் எதையும் நம்பாதவனுக்கும் விசாரிக்கிற சிரமம் இல்லை என்பதில் இருவரும் ஒன்றுதான். எது நிஜம், எது வேஷம் என்று பிரித்துப் பார்ப்பதே அறிவின் வேலை. இந்த நிகழ்ச்சிகள் பலவற்றில் சண்டை நிஜம், சண்டைக்காரர் நிஜம், அவர்கள் படும் அவமானமும் நிஜம், கோர்ட்டு மாத்திரம் வேஷம். "எல்லாம் நடிப்பு" என்றால் அந்த அவமானத்தையும் நடிப்பென்று தள்ளிவிட்டுச் சிரிக்கலாமல்லவா? அங்கே நின்று, "முட்டாள்", "பொய்யன்" என்று வசவு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கும் கைமாற்றுக்கும் அடித்துக்கொள்ளும் எளிய ஜனங்கள். பணக்காரன் சண்டையும் கம்பெனிக்காரன் மோசடியும் அந்த மேடைக்கு வருவதில்லை. ஜட்ஜ் ஜூடியின் இந்த நடத்தை ஒரு நீதிபதிக்குத் தகுந்ததல்ல என்று வாப்னரே பகிரங்கமாய்க் கண்டித்திருக்கிறார்.

ஜெர்மனியில் நடந்த சங்கதி இன்னும் வேடிக்கையானது. அங்கே 1999-ல் பார்பரா சலேஷ் என்னும் உண்மையான நீதிபதி அம்மையாரை வைத்து, உண்மையான மத்தியஸ்த வழக்குகளோடு ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். ஜனங்கள் சரியாய்ப் பார்க்கவில்லை. 2000-ல் நிஜ வழக்குகளை எடுத்துவிட்டு, கற்பனைக் கிரிமினல் வழக்குகளைச் சாதாரண ஆட்களைக்கொண்டு நடிக்க வைத்தார்கள். உடனே கூட்டம் கூடிவிட்டது. 2012 வரையில் அமோகமாய் ஓடிற்று. நிஜம் விலைபோகவில்லை, நிஜத்தைப் போன்ற பொய்தான் விலைபோயிற்று! சரக்கின் யோக்கியதையைப் பற்றி இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இனி, "பொழுது போகிறது, போதாதா?" என்கிற மூன்றாவது கட்சியார். மூன்றிலும் அதிக அபாயமானது இதுவென்பதே எனது அபிப்பிராயம். ஏனெனில் பொழுது போகும்போது புத்தியும் கூடவே போய்விடுகிறது. 1989-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எடுத்த கணக்கில், வாப்னரின் பேரைச் சொல்லக்கூடியவர்கள் 100-க்கு 54 பேர் இருந்தார்கள். அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டுப் பிரதம நீதிபதி ரென்குவிஸ்டின் பேரைச் சொல்லக்கூடியவர்கள் 100-க்கு 9 பேர்தான்! 2016-ல் வெளியான மற்றொரு கணக்கில், காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவர்களிலேயே ஏறக்குறைய 100-க்கு 10 பேர் ஜட்ஜ் ஜூடி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி என்று குறித்தார்கள். படித்தவர்களின் லட்சணமே இதுவானால், பாமர மக்களை நாம் என்ன குறை சொல்லமுடியும்?

பேர் தெரியாவிட்டால் குடி முழுகிப் போகாது என்பீர்கள். சரி, இதைக் கேளுங்கள். நம் நாட்டுக் கிரிமினல் கோர்ட்டுகளில் எடுபட்டுப்போன ஜூரி முறை அமெரிக்காவில் இன்னமும் இருக்கிறது. சாதாரண ஜனங்களையே அழைத்து உட்காரவைத்து, குற்றவாளியா அல்லவா என்று கேட்பார்கள். அப்படி ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களை விசாரித்து கிம்பர்லியான் போட்லாஸ் என்னும் ஆராய்ச்சிக்கார அம்மையார் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்நிகழ்ச்சிகளை அடிக்கடி பார்க்கிறவர்கள், நீதிபதி என்றால் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கவேண்டும், தன் அபிப்பிராயத்தை அங்கேயே காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களாம். நீதிபதி மௌனமாயிருந்தால், அந்த மௌனத்திற்குக்கூட ஒரு அர்த்தம் கற்பித்து, அவர் யாரை நம்புகிறார் என்று ஊகிக்கப் பார்க்கிறார்களாம். உண்மையான நீதிபதியோ தன் மனதிலுள்ளதை ஜூரிக்குக் காட்டாமலிருக்கக் கடமைப்பட்டவர். அவருடைய நடுநிலைமையே இந்த ஜனங்களுக்குக் குற்றமாய்ப் படுகிறது! பிறர் சுதந்திரத்தையும் உயிரையும் தீர்மானிக்கும் இடத்தில் இப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்தால் கதி என்ன?

ஒரு ஏழை ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரன் முன்பணத்தைக் கொடுக்கவில்லையென்று கோர்ட்டுக்குப் போகிறாள். நீதிபதி வீட்டுக்காரனை நாலு வார்த்தை வைது தன் மனதைக் குளிரவைப்பார் என்று எதிர்பார்க்கிறாள். அவரோ தலை நிமிராமல், "ரசீது எங்கே?" என்று கேட்கிறார். அவள் ரசீதைக் கொண்டுவரவில்லை. டெலிவிஷனில் பேச்சுத்தானே ஜெயித்தது? வழக்குத் தள்ளுபடியாகிறது. நீதிபதியை வீட்டுக்காரன் விலைக்கு வாங்கிவிட்டான் என்று அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறாள். பொழுதுபோக்கு அவளிடம் வசூலித்த விலை இதுதான், தோழர்களே!

இலாபம் யாருக்கு? ஜட்ஜ் ஜூடி அம்மையாரின் சம்பளம் கடைசிக் காலங்களில் வருஷத்திற்குச் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. அதே காலத்தில் சுப்ரீம் கோர்ட்டுப் பிரதம நீதிபதிக்கு வருஷச் சம்பளம் 3 லட்சம் டாலர்கூட இல்லை. இவ்வளவு பணத்தை யாராவது நியாயத்தின்மேலுள்ள ஆசையினால் கொடுப்பார்களா? சோப்பு விற்பவனும் மருந்து விற்பவனும் கொடுக்கும் விளம்பரப் பணமல்லவா அது?

இந்தச் சரக்கு நம் நாட்டுக்கும் வந்துதான் இருக்கிறது. 2008-ல் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி கிரண் பேடி அம்மையாரை நடுவராய் வைத்து ஸ்டார் பிளஸ் டெலிவிஷனில் கச்சேரி நடந்தது. தமிழிலும் 2011 முதல் "சொல்வதெல்லாம் உண்மை" என்னும் நிகழ்ச்சியில் குடும்பச் சண்டைகள் பல வருஷகாலம் வீடுதோறும் காட்டப்பட்டன. கறுப்பு அங்கி இல்லாவிட்டாலும், ஒருவர் நடுவிலிருந்து கேட்க, ஏழைக் குடும்பத்தார் எதிரில் அழுது சண்டையிட, நாம் வீட்டிலிருந்தபடியே தீர்ப்புச் சொன்னோம்.

ஆகவே இனிமேல் இம்மாதிரி நிகழ்ச்சியைப் பார்க்க உட்காரும்போது, "நிஜமா பொய்யா?" என்று மொத்தமாய்க் கேட்பதை விட்டுவிட்டு, நான்கு கேள்விகளைத் தனித்தனியாய்க் கேளுங்கள். தீர்ப்புச் சொல்லுகிறவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? தோற்றவர் எதை இழக்கிறார்? படம் பிடித்ததில் வெட்டி எறிந்தது எவ்வளவு? இதற்கெல்லாம் பணம் கொடுப்பவன் யார்? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால் அங்கியும் சுத்தியலும் உங்களை ஏமாற்ற முடியாது.

முடிந்தால் ஒரு காரியமும் செய்யுங்கள். உங்கள் ஊருக்குச் சமீபத்திலுள்ள முன்சீப் கோர்ட்டுக்கு ஒருநாள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கோர்ட்டு நடவடிக்கை சாதாரணமாய் எல்லோரும் பார்க்கக்கூடியதே, டிக்கட்டு கிடையாது. அங்கே சத்தம் குறைவாயிருக்கும், வாய்தா அதிகமாயிருக்கும், சலிப்பாயுமிருக்கும். அதிலுள்ள குற்றங்குறைகளும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் அவைகளைத் திருத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டெலிவிஷன் கோர்ட்டில் உங்களுக்குள்ள உரிமையோ பெட்டியை மூடுவது ஒன்றுதான்.