கூடை வெறுமையாகவில்லைதான், ஆனால்...

திருகோணமலைச் சந்தைப் பக்கம் ஒருவரிடம், "புதுப் புத்தகத்தைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்பில அனுப்புறீங்களே, இது களவில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். "மீனை எடுத்தால் கூடை வெறுமையாகும். இதில எழுதினவரின்ர புத்தகம் அங்கதானே கிடக்குது!" என்று சிரிப்பார்.

கூடை வெறுமையாகவில்லைதான். ஆனால், வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டாரே! கடன்பட்டு 300 பிரதி அச்சடித்தவருக்கு அதுதான் நட்டம்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதியதுமே உரிமை பிறந்துவிடும். வேண்டுமென்றே மீறினால், நீதவான் நீதிமன்றில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதற்காக எல்லாப் பகிர்வும் களவாகாது. நம்மூர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் வெளிவந்த 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுகிறது. அவர் மறைந்து நூறாண்டு தாண்டிவிட்டது. அதை யாரும் தாராளமாகப் பகிரலாம். 'நூலகம்' எண்ணிம நூலகமும் 2005 முதல் ஈழத்து நூல்களை இலவசமாகப் படிக்கத் தருகிறது. எழுத்தாளரிடம் அனுமதி கேட்டுப் பெறுவதும் அதன் வழக்கம்.

பகிர்வுக்கும் களவுக்கும் உள்ள வித்தியாசம், அனுமதி கேட்கும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அடுத்த முறை அனுப்ப விரல் போகும்போது, எழுதியவரை ஒருதரம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.