புடைத்து எடுத்த இழை



கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கத்தில் கேழ்வரகை அடித்து முடித்ததும் முறத்தை எடுப்பார்கள். உமி பறக்கும், மணி தங்கும். ஒருமுறை புடைத்தால் போதாது. தூசி தீரும்வரை புடைக்க வேண்டும். ஆய்வகத்தில் டி.என்.ஏ. இழைகளையும் இப்படித்தான் புடைக்கிறார்கள்.

எதற்காக? இதே ஆனேக்கல் வட்டத்துச் சந்தாபுரா ஏரியைப் பாருங்கள். அது சீரழிந்ததற்காக 500 கோடி ரூபாய் கட்டும்படி கர்நாடக அரசுக்கு 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கழிவு கலந்த நீரில் ஈ.கோலை போன்ற பாக்டீரியா இருக்கிறதா என்று அறிய, அதை வளர்த்துப் பார்க்கிறோம். முடிவு தெரிய ஒன்றிரண்டு நாளாகும். அதற்குள் குடத்துத் தண்ணீர் குடித்துத் தீர்ந்திருக்கும்.

பாக்டீரியாவைத் தேடிப் பற்றிக்கொள்ளும் இழை கையில் இருந்தால் இந்தக் காத்திருப்பு குறையும். அந்த இழைக்கு ஆப்டமர் என்று பெயர். 1990-இல் அமெரிக்காவில் லாரி கோல்டும் கிரெய்க் டூர்க்கும் ஒரு பக்கம், ஜாக் சோஸ்டாக்கும் ஆண்ட்ரூ எலிங்டனும் இன்னொரு பக்கம் இதற்கு வழி கண்டார்கள். அவர்கள் எடுத்தது ஆர்.என்.ஏ.; டி.என்.ஏ. பின்னால் வந்தது.

செய்முறை இதுதான். ஒன்றுக்கொன்று வேறான கோடிக்கணக்கான இழைகளை ஒரு சிறு குழாயில், உயிருள்ள பாக்டீரியாவோடு கலக்கிறார்கள். ஒவ்வோர் இழையும் தன் போக்கில் மடிந்து ஓர் உருவம் கொள்ளும். சில மட்டும் பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒட்டும். குழாயை வேகமாகச் சுழற்றினால் பாக்டீரியா அடியில் படியும், ஒட்டாதவை கழுவப்படும். பிறகு சூடாக்கி, ஒட்டியவற்றைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, மறுபடியும் கலக்கிறார்கள். பத்துச் சுற்றுக்கு மேலும் போகலாம். நடுநடுவே வேறு பாக்டீரியாவைக் காட்டி, அதிலும் ஒட்டுகிற இழைகளை நீக்குகிறார்கள். எல்லாவற்றிலும் ஒட்டுவது எதையும் அடையாளம் காட்டாது அல்லவா!

ஆனால் டி.என்.ஏ.வுக்கு நான்கே எழுத்துகள், பிடிமானம் குறைவு. நொதிகள் அதை வெட்டியும்விடும். அதனால் சில எழுத்துகளில், புரதங்களில் காணும் வேதித் துணுக்குகளைப் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். பிடி இறுகும், ஆயுளும் கூடலாம். ஒரு நிபந்தனை: மாற்றிய எழுத்தையும் நகலெடுக்கும் நொதி வேண்டும். நகலெடுக்க முடியாத இழை எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் அடுத்த சுற்றுக்கு வராது.

தெளிந்த கரைசலில் ஒட்டிய இழை, கலங்கிய ஏரி நீரிலும் ஒட்ட வேண்டும். அதுதான் கடைசிப் புடைப்பு. அதிலும் தங்குகிற மணியே, தண்ணீர் மொண்ட அன்றே நமக்குப் பதில் சொல்லும்.