இரத்தத்திற்கு நிறம் பார்த்த தேசம்





இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கா 1941 டிசம்பரில் இறங்கியது. ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட்ட அத்தேசம், தன் கறுப்பினச் சிப்பாய்களைத் தனிப் படைப்பிரிவுகளில் ஒதுக்கியே வைத்திருந்தது. அதனினும் விந்தையானது இரத்த விவகாரம். காயமுற்ற வீரர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் இரத்தம் திரட்டியபோது, கறுப்பினத்தவரின் இரத்தம் முதலில் மறுக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பவே, 1942 ஜனவரியில் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் அடையாளமிட்டு வேறாக வைத்தார்கள்!

இரத்தத்தின் திரவப் பகுதியாகிய பிளாஸ்மாவைப் பெருமளவில் சேகரித்துப் பாதுகாக்கும் முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் யார் தெரியுமா? டாக்டர் சார்ள்ஸ் ட்ரூ எனும் கறுப்பின வைத்தியர். 1940இல் குண்டுவீச்சுக்கு இலக்கான பிரித்தானியாவுக்குப் பிளாஸ்மா அனுப்பும் பணியை நெறிப்படுத்தியவரும் அவரே. இரத்தத்தை இனவாரியாகப் பிரிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவுமில்லை என அவர் எடுத்துரைத்தார். அதிகாரிகளும் அதனை அறியாதவர்களல்லர். அறிந்திருந்தும் 1950 வரை அவ்வழக்கம் நீடித்தது. அறிவு இருந்தது, உள்ளத்துப் பெருமைதான் இடங்கொடுக்கவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் ட்ரூ கார் விபத்தில் காலமானார். வெள்ளையரின் வைத்தியசாலை சிகிச்சையளிக்க மறுத்ததாலேயே இறந்தார் என்றொரு கதை பரவியுள்ளது. உருக்கமான கதைதான், ஆனால் உண்மையன்று. அங்கிருந்த வைத்தியர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றதை, உடன் பயணித்த கறுப்பின வைத்தியரே உறுதிப்படுத்தியுள்ளார். நல்ல நோக்கத்திற்காகவும் நாம் பொய்யுரைக்கலாகாது. செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தில்தான், மாந்தர் யாவரும் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைக்கப்பட்டோர் என்ற பிரகடனமும் இருக்கின்றது.

பெற்றோர்களே! மகனுக்குப் பெண் பார்க்கும் வேளை, "புள்ள வெள்ளையா?" என்ற கேள்வி, மார்க்கப்பற்றுக்கு முன்னதாக நம் வீடுகளில் எழுவதில்லையா? கறுத்த பிள்ளையை அதன் காதுபடவே குறைத்துப் பேசுவதில்லையா?

மகத்தான ஸஹாபியாகிய அபூதர் (ரழி) அவர்களும் ஒரு சமயம் நாத்தவறினார்கள். ஒருவரை, அரபியரல்லாத அவரது தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். ஜாஹிலிய்யத்தின் குணம் இன்னும் அவரிடம் உள்ளதென நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பிற்காலத்தில் ரபதா எனும் இடத்தில் அபூதர் (ரழி) அவர்களும் அவர்களது பணியாளரும் ஒரேவிதமான ஆடை அணிந்திருப்பதைக் கண்ட ஒருவர் காரணம் வினவினார். தமது அந்தத் தவறையே அவர்கள் மறைக்காமல் விடையாக எடுத்துக் கூறினார்கள்.