விரால் தூண்டிலும் கரையோர யோசனைகளும்



வலை வீசுவது ஒரு தொழில். தூண்டில் போடுவது ஒரு பித்து. வலைஞர் நூறு மீனுக்காக ஒரு நாழிகை உழைக்கிறார். தூண்டிற்காரரோ ஒரு மீனுக்காக ஒரு பகற்பொழுதையே ஏரிக்குக் கொடுத்துவிடுகிறார். வரவு செலவு பார்ப்பவர் எவரும் இந்தக் காரியத்தில் இறங்கமாட்டார். ஆயினும் மும்பையின் பவாய் ஏரிக்கரையிலும், ஐதராபாத்தைச் சூழ்ந்த ஏரிகளின் ஓரங்களிலும், வங்காளத்தின் தாழ்நில நீர்நிலைகளிலும் விடுமுறை நாட்களில் கழியும் கையுமாக நிற்போரைக் காணலாம். பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவரிலும் இந்தப் பித்துடையோர் உண்டு. அவர்களை எண்ணியே இன்று விரால் மீனைப் பற்றிச் சில சொற்கள் கூற முற்படுகிறேன்.

ஏன் விரால்? முதற்காரணம், அது நம்மோடு கூடவே வருகிற மீன். தமிழில் விரால், வரால் என்று நாம் வழங்குவதை மலையாளிகள் வரால் என்றும், தெலுங்கர் கொர்ரமீனு என்றும், மராட்டியர் மரள் என்றும், வங்காளிகள் சோல் என்றும் அழைக்கின்றனர். தெலங்கானாவில் அதற்கு மாநில மீன் என்னும் சிறப்பும் உண்டு. புதிய ஊரில் புதிய மொழி தெரியாமல் திகைத்து நிற்பவர், ஏரிக்கரையில் இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். பேச்சு தானே வளரும். அலுவலகத்தில் பத்தாண்டுகள் பழகியும் வாய்க்காத நட்பு, ஒரு தக்கையை இருவர் சேர்ந்து உற்றுப் பார்க்கும் அரைமணியில் வாய்ப்பது உண்டு.

இரண்டாவது காரணம், தூண்டிற்காரருக்கு இதைவிடத் தக்க எதிரி நம் ஏரிகளில் அரிது. அமெரிக்க நாட்டு ஏரிகளில் பாஸ் என்றொரு மீன் உண்டு. அந்நாட்டார் அதன்மேல் கொண்டுள்ள மோகம் சொல்லி முடியாது. பாசிக்குள் பதுங்கியிருந்து பாய்வது, தவளையைக் கண்டால் விடாதது, குஞ்சுகளுக்குக் காவல் நிற்பது ஆகிய குணங்களையெல்லாம் வைத்துப் பார்த்தால், அந்த பாஸ் மீனின் இடத்தை நம் நாட்டு ஏரிகளில் வகிப்பது விராலே. இனத்தால் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை; தொழிலால் ஒன்று.

விராலைப் பிடிக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது அதன் மூச்சு. செவுளால் மட்டும் அது உயிர் வாழ்வதில்லை. தலைக்குள், செவுளுக்கு மேலாக அமைந்த அறைகளில் காற்றை நிரப்பிச் சுவாசிக்கிறது. ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும். வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். மீன் நீரில் மூழ்கிச் சாகுமா என்று நீங்கள் நகைக்கலாம், விரால் சாகும். ஏரி வற்றும் காலத்தில் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிரைக் காத்துக்கொள்வதும், மழையிரவில் நனைந்த தரைமீது நெளிந்து ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்குப் போவதும் இந்த ஏற்பாட்டினாலேயே. சந்தையில் சிறிதளவு நீரிலே அது நெடுநேரம் துள்ளிக்கொண்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த மூச்சே தூண்டிற்காரருக்கு வழிகாட்டி. கரைக்கு வந்ததும் தூண்டிலை வீசிவிடுபவர் அவசரக்காரர். கழியைத் தரையில் வைத்துவிட்டுக் கால்மணி நேரம் நீரை மட்டும் பாருங்கள். ஆம்பல் இலைகளுக்கு இடையில் ஒரு சிறு சுழிப்பு, முத்தமிடுவது போன்ற ஓர் ஓசை, ஓரிரு குமிழிகள்: அவ்வளவுதான் அடையாளம். அதே இடத்தில் மீண்டும் கேட்டால் மீன் அங்கே குடியிருக்கிறது என்று கொள்ளலாம். சூரியனை முகத்துக்கு எதிரே வைத்து நில்லுங்கள். நிழல் நீரில் விழாது. கரையில் அழுத்தி நடக்கவும் வேண்டாம். காலடி அதிர்வு நீருக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதை மீன் அறியும், நாம் அறியோம்.

இரை என்று வரும்போது பழைய வழக்கம் உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பது. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தவளை துன்புறுவது ஒருபுறம் இருக்க, வயற்பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் பிராணி அது. வெளிநாடுகளின் உணவு மேசைக்காகத் தவளைகளை இலட்சக்கணக்கில் பிடித்து அனுப்பிவந்த நம் நாடு, 1987ஆம் ஆண்டில் அந்த ஏற்றுமதியையே தடுத்துவிட்டது. இன்று கடைகளில் கிடைக்கும் ரப்பர்த் தவளையே இந்த வேலைக்குப் போதுமானது. அதன் உடல் உள்ளீடற்றது. இரண்டு முட்கள் மேல்நோக்கி அதன் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். ஆதலால் பாசியின்மேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வி அழுத்தும்போது மட்டும் உடல் ஒடுங்கி முட்கள் வெளிப்படும். பச்சைத் தவளையா, வெள்ளைத் தவளையா என்று கரையில் பெரும் வழக்காடுவார்கள். என் கருத்தில் நிறங்கள் மீனைவிட வாங்குபவரையே அதிகம் கவர்கின்றன.

தவளையை மீன் மூச்சுவிட்ட இடத்துக்கு நேரே எறியாதீர்கள். சில முழம் அப்பால் விழச் செய்து, இலைகளின்மேல் தத்தித் தத்தி வருமாறு இழுத்து, இலைகளுக்கு நடுவே திறந்த நீர் தென்படும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. திடீரென்று நீர் வெடித்துச் சிதறும். நெஞ்சு துள்ளும், கை தானாகவே கழியைச் சுண்ட முயலும். சுண்டாதீர்கள்! விரால் முதலில் கவ்வுகிறது, பிறகே திரும்புகிறது. மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நரம்பில் மீனின் கனம் தெரிந்த பின்னரே சுண்ட வேண்டும். அதன்பின் தாமதம் கூடாது. கொஞ்சம் தளர்த்தினாலும் பாசியின் வேருக்குள் தலையைச் செருகிக்கொள்ளும். பிறகு நீங்கள் இழுப்பது மீனை அன்று, ஏரியை. எனவே மெல்லிய நரம்பு உதவாது. தடித்த பின்னல் நரம்பே வேண்டும். கரைக்கு வந்த மீனைக் கையை நனைத்துக்கொண்டு தலைக்குப் பின்னால் பற்றுங்கள். பற்கள் கூரியவை, முள்ளைக் குறட்டால் கழற்றுவதே நன்று. கூடையை மூடாமல் வைத்தவர் வீட்டுக்கு வெறுங்கூடையோடு போவார்.

இவ்வளவும் நான் சொன்னேன். நீங்கள் அடுத்த ஞாயிறு இதன்படியே செய்து ஒன்றும் அகப்படாமல் திரும்பினால் என்னைக் கடிந்துகொள்வீர்கள். இங்கேதான் கரையோர யோசனை என்பதன் தன்மையைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது. தூண்டிற்காரர் கஞ்சர் அல்லர். கேட்டாலும் கேளாவிட்டாலும் யோசனை வழங்குவர். ஆனால் பெரும்பாலோர் முடிவை மட்டும் சொல்லிச் சூழ்நிலையைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். “தவளைதான் இரை, மற்றதெல்லாம் வீண்” என்பார் ஒருவர். அவர் பிடித்தது கோடைக் காலையில், பாசி அடர்ந்த மூலையில், முழங்கால் ஆழ நீரில் என்பது அவர் வாயில் வராது. அதே ஏரியில் புதுமழை பெய்து கால்வாய் வழியே செந்நீர் இறங்கும் நாளில், விரால் பாசியை விட்டு நீர்வாய்க்கு வந்து சிறுமீன்களைத் துரத்திக்கொண்டிருக்கும். அன்று ரப்பர்த் தவளையை நாள் முழுதும் எறிந்தாலும் பயனில்லாமல் போகலாம். ஒரு சிறுமீனோ மண்புழுவோ வேலையை முடித்துவிடும். ஆகவே யோசனை கேட்பவர், எந்த இரை என்று கேட்பதோடு நில்லாமல், எந்நேரம், எவ்வளவு ஆழம், நீர் தெளிவா கலங்கலா, காற்று எப்புறம் என்றும் கேட்க வேண்டும். யோசனை சொல்பவரும் பிடித்த நாளை மட்டுமன்றிப் பிடிபடாத நாளையும் சேர்த்துச் சொன்னால் அதுவே பேருதவி. மீனின் நீளத்தைக் கையால் காட்டும்போது மட்டும் எல்லோருக்கும் கை நீண்டுவிடுகிறது, அதை மன்னித்துவிடலாம்.

இவ்வாறு எழுதிவைத்து உதவிய முன்னோடி ஒருவரை இங்கே குறிப்பிடவேண்டும். சென்னை மாகாண சிவில் சர்வீசில் பணிபுரிந்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் ஒரு நூலும், குளங்களிலும் ஏரிகளிலும் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக 1887இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். ஆற்று மீனையே பெரிதாகப் போற்றிய அக்காலத்தில், குளத்து மீனுக்கென்று ஒரு தனிநூல் எழுதத் துணிந்ததே அவருடைய பெருமை.

இனி, சொல்லக்கூடாத யோசனைகளும் சில உண்டு. “இந்த ஏரியில் விரால் குறைந்துவிட்டது, வேறோர் இடத்திலிருந்து கொண்டுவந்து விடுங்கள்” என்று சிலர் கூறுவர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விராலின் உறவான பூவிரால், நம் நாட்டு ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் உரியது. வாலடியில் கண்போன்ற புள்ளியுடையது. அது எவர் கையாலோ அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நீரில் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் அங்கே காணப்பட்டது. இன்று அங்கே பாஸ் மீனோடு அதுவும் வாழ்கிறது. பாஸுக்கு எறியும் அதே தவளைக்கு அங்கே பூவிராலும் பாய்கிறது. 2002இல் மேரிலாந்து மாநிலத்தில், சீன நாட்டைச் சேர்ந்த மற்றொரு விரால் இனம் ஒரு குளத்தில் பெருகிவிட, குளம் முழுவதிலும் நஞ்சிட்டு அழித்தார்கள். அவ்வாண்டிலேயே விரால் இனங்களை உயிருடன் இறக்குமதி செய்வதை அந்நாடு தடுத்துவிட்டது. எதிர்த்திசையிலும் இதுவே கதை. 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்ட பாஸ் மீன் அந்நாட்டு ஏரிகளின் சிறுமீன்களுக்கு எமனாயிற்று. 2005இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. அவரவர் ஏரியில் நல்லவராக இருக்கும் மீன் அயல் ஏரியில் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நோயும் அப்படியே பரவும். 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்து நாடெங்கும் பரவிய மீன் புண்நோய், விரால் இனத்தையே கொடுமையாகத் தாக்கியது. குளிர்மாதங்களில் உடலில் செம்புண்ணோடு ஒரு விரால் அகப்பட்டால் அதை வேறு நீரில் கழுவவோ விடவோ வேண்டாம். கூடையையும் வலையையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள். ஏரி எவருடைய குத்தகையில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு அனுமதி பெறுவதும் வெளியூரார்க்கு மிகவும் அவசியம். கூட்டுறவுச் சங்கத்து வலைஞர்களுக்கு அதுவே சோறு.

எல்லாவற்றிலும் கடினமான விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் விரால், பாசியை ஒதுக்கி ஒரு வட்டம் அமைத்து, மிதக்கும் முட்டைகளை அதில் இடுகிறது. பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறமாய் நெருங்கித் திரண்டு, நீர்மேல் ஒரு செந்திட்டுப் போல நகரும். அதன் அடியிலேயே பெற்ற மீன் காவல் நிற்கும், பெரும்பாலும் ஆண்மீன். தன்னளவில் பாதியுள்ள மீனையும் அது விரட்டும். அப்பொழுது அதற்குப் பசியில்லை. ஆனால் குஞ்சுத் திரளுக்கு அருகே எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். ஆகவே ஆண்டு முழுவதும் ஏமாற்றிய மீன் அன்று முதல் எறிதலிலேயே அகப்படும். கரையில் மிக ஆவலோடு பரிமாறப்படும் யோசனையும் இதுவே: “அந்த மூலையில் செந்திட்டு ஓடுகிறது, போங்கள்!”

போனால் மீன் கிடைக்கும், ஐயமில்லை. ஆனால் காவல் நீங்கிய குஞ்சுகளைக் கெளிறும் கெண்டையும் நாரையும் விட்டுவைப்பதில்லை. அந்த ஒரு மீனோடு, வரும் ஆண்டுகளில் அந்த மூலையில் பிடித்திருக்கக்கூடிய மீன்களும் போயின. அமெரிக்க பாஸ் மீனும் இதே முறையில்தான் கூட்டைக் காக்கிறது. அதைக் கூட்டின்மேல் பிடிக்கலாமா என்ற வழக்கு அங்கும் ஓய்ந்தபாடில்லை. பிடித்து உடனே விட்டுவிட்டால் என்ன என்பர் சிலர். விடலாம், எனினும் அந்தச் சில நிமிடங்களே சிறுமீன்களுக்குப் போதும். தூண்டில் முறையை நண்பருக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள், இரையைச் சொல்லுங்கள், பொழுதைச் சொல்லுங்கள். செந்திட்டு ஓடும் மூலையை மட்டும் சொல்லாதிருங்கள். அவரே கண்டுவிட்டால், அருகில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். திட்டு மூச்சுக்காக ஒருங்கே மேலெழுந்து, நீர்மேல் மழைத்தூறல் விழுந்தாற்போல் சிலிர்த்து, மறுபடி அமிழ்வது காணத்தக்க காட்சி. சில வாரங்களில் குஞ்சுகள் நிறம் மங்கி விரல் நீளம் வளர்ந்து கலைந்துபோகும். காவல் மீனும் மறுபடி பசியோடு ஆம்பல் இலைக்கடியில் போய்ப் பதுங்கும். அப்பொழுது அதே மூலைக்குத் தவளையை எடுத்துக்கொண்டு இருவருமாகப் போகலாம்.