மிச்சிகனில் மூன்றாவது ஓட்டு



ஓட்டை எண்ணிவிட்டால் தேர்தல் முடிந்தது என்றுதான் நினைக்கிறோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். எண்ணிக்கையைச் சரிபார்த்து, முடிவு இதுதான் என்று சான்றளிக்க வேண்டும். அதற்கென்று மாவட்டத்துக்கு ஒரு குழு, மாநிலத்துக்கு ஒரு குழு; ஒவ்வொன்றிலும் நான்கு பேர். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தலா இரண்டு பேர். குறைந்தது மூன்று பேர் சம்மதிக்க வேண்டும்.

2020 அதிபர் தேர்தல் முடிந்தபின், நவம்பர் 17. டெட்ராய்ட் நகரம் அடங்கிய வெய்ன் மாவட்டக் குழுவில் இரண்டுக்கு இரண்டு என்று முட்டிக்கொண்டது. பல இடங்களில் ஓட்டுப் போட்டவர்கள் கணக்கும் விழுந்த ஓட்டும் சிறிதளவு பொருந்தவில்லை, அவ்வளவுதான். லட்சக்கணக்கானவர்களின் ஓட்டு அந்தரத்தில் நின்றது. கொதித்துப்போன மக்கள் அந்தக் குழுவின் கூட்டத்திலேயே தங்கள் கோபத்தைக் கொட்டித் தீர்த்தார்கள். அன்றிரவே நால்வரும் சான்றளித்தார்கள்.

அடுத்து மாநிலக் குழு, நவம்பர் 23. மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பைடன் சுமார் 1,54,000 ஓட்டு முன்னிலை. குடியரசுக் கட்சிக்காரர் இருவரில் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார். மூன்றாவது ஓட்டு மற்றவர் கையில்: ஆரன் வான் லாங்கவெல்ட். தன் கட்சி வேட்பாளர் தோற்ற முடிவுக்குத்தான் அவர் கை தூக்க வேண்டும். சட்டம் நமக்குக் கொடுத்தது கடமை, அதைத் தாண்டி அதிகாரம் இல்லை என்று நிதானமாகச் சொல்லி, சம்மதித்தார். அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கட்சி அவரை மறுபடி அந்தப் பதவிக்கு முன்மொழியவில்லை.

2022இல் மிச்சிகன் மக்களே ஓட்டுப் போட்டு அரசியலமைப்பைத் திருத்தினார்கள்: சான்றளிப்பது குழுவின் விருப்பமல்ல, கட்டாயக் கடமை.