பிள்ளைகளின் உடற்கடிகாரமும் இஷாவுக்குப் பிந்திய வெளிச்சமும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சுபுஹுக்குப் பின் மக்தபுக்கு வரும் பிள்ளைகள் ஓதும்போதே தூங்கி விழுகிறார்கள் என்று உஸ்தாதுமார்கள் குறைப்படுகிறார்கள். நாமும் சோம்பேறி என்று ஏசுகிறோம். அந்தப் பிள்ளையின் உடலுக்குள் முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நாம் கேட்டதில்லை. அதை அளந்தறிய ஒரு வழி உண்டு.

மூளையின் நடுவே உள்ள பீனியல் என்னும் சிறு சுரப்பி, இரவில் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் மாட்டின் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பகலில் மிகக் குறைவாக இருக்கும் இது, உறங்கும் நேரத்திற்குச் சற்று முன் ஏறத் தொடங்கும். அந்த நேரமே உடற்கடிகாரத்தின் முள்.

அளப்பதற்கு ஊசி வேண்டியதில்லை, உமிழ்நீர் போதும். மாலையிலிருந்து அரைமணிக்கொரு முறை பிள்ளை ஒரு பஞ்சுருளையை மென்று தர வேண்டும். அறை மங்கலாக இருப்பது கட்டாயம். வெளிச்சம் பட்டால் மெலட்டோனின் அடங்கிவிடும் என்பதை 1980இல் ஆல்ஃபிரட் லூவி குழுவினர் மனிதரிடம் நிறுவினர்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் மோனிக் லெபூர்ஷ்வா குழுவினர் இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைகளை இவ்வாறு அளந்து 2013இல் வெளியிட்டனர். சராசரியாக இரவு 7.40க்கு மெலட்டோனின் ஏறத் தொடங்கியது. அதற்கு முன்பே படுக்க வைக்கப்பட்ட பிள்ளைகள் உறக்கம் வராமல் நெடுநேரம் புரண்டனர். அது பிடிவாதம் அன்று.

2018இல் அதே குழுவினர் 3 முதல் 5 வயது வரையிலான 10 பிள்ளைகளின் வீட்டு ஜன்னல்களைக் கறுப்பு உறையால் மூடி, விளக்குகளை மங்கலாக்கினர். பின் ஒரு மாலையில், படுக்கும் முன் ஒரு மணி நேரம், ஒளிரும் மேசையில் விளையாட விட்டனர். மெலட்டோனின் 88 விழுக்காடு குறைந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் சென்ற பின்னும் பெரும்பாலோருக்குப் பாதியளவுகூடத் திரும்பவில்லை. பத்தே பிள்ளைகள்தாமே என்று நானும் தயங்கினேன். ஆனால் 2022இல் 36 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், 5 முதல் 40 லக்ஸ் வரையிலான மங்கிய ஒளியே சராசரியாக 78 விழுக்காடு குறைத்தது. சிறுவரின் கண்மணி அகன்றது, கண்வில்லையும் தெளிவானது. ஆதலால் நம்மைவிட அவர்களின் கண்ணுக்குள் மிகுதியான ஒளி புகுகிறது.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் அமர்வதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். ஆய்வு வந்துதான் நபிவழிக்குச் சான்று தரவேண்டும் என்பதில்லை. தெரிந்திருந்தும் நம் வீடுகளில் இஷாவுக்குப் பின்னர்தான் தொலைக்காட்சியும் செல்பேசியும் ஒளிர்கின்றன.

பருவமடையும் பிள்ளைகளின் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பதினான்கு வயதுப் பையனைப் பத்து வயதுத் தம்பியோடு ஒப்பிட்டுத் திட்டுவது நியாயமாகாது. அதற்காக மெலட்டோனின் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நிர்வாகத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். பெரிய பிள்ளைகளின் மக்தபு வகுப்பை அஸருக்குப் பின் மாற்றலாமா என்று உஸ்தாதுமார்களுடன் கலந்து பேசுங்கள். மற்றொன்று, இந்தக் கூட்டத்தைப் பற்றியது. இப்போது இரவு ஒன்பதரை மணி. இத்தனை குழல்விளக்குகளின் கீழ் மடிகளில் எத்தனை குழந்தைகள் விழித்திருக்கின்றன என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அஸரில் தொடங்கி மஃரிபுக்குள் முடித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.